கரண்ட் வைத்தால் மணிக்கட்டு தூக்குகிறது, விரல்கள் இன்னும் இறுக மடங்குகின்றன. இது சரிதானா?

பூக்காரி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. நிலக்கோட்டையில் பூக்கட்டி விற்பவர். ஒன்பது வாரத்துக்கு முன்னால், விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கே மூன்றாம் நாள் ஒரு தடவை வலிப்பு வந்தது, அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. ஆனால் வாயில் வருவது "ஆமா", "வேணாம்", அப்புறம் என் பெயர், இவ்வளவுதான்.

கால் பரவாயில்லை. நான் பிடித்துக்கொண்டால் திண்ணை வரை நடக்கிறார். கவலையெல்லாம் கைதான். தோளைக் கொஞ்சம் தூக்குகிறார், முழங்கை கொஞ்சம் மடங்குகிறது. விரல்கள் மட்டும் மூடியே கிடக்கின்றன. தினமும் குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் உள்ளங்கையைக் கழுவ வேண்டியிருக்கிறது. ஒருநாள் விட்டால் வியர்வை தங்கி வாடை வந்துவிடுகிறது. வாழைநாரை இழுத்து முடிச்சுப் போட்ட கை அது. முழம் போடும் வேகத்தைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி தம்பி ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ஒரு தடவைக்கு 400 ரூபாய். பொறுமையானவர், அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அரைமணி நேரத்தில் இருபது நிமிடம் கரண்ட் வைப்பதிலேயே போகிறது. முன்கையின் மேல்பக்கம், முழங்கைக்கு ஒட்டினாற்போல் இரண்டு பேட் ஒட்டுகிறார். அம்மா அந்த நேரத்தில் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். கரண்ட் வரும்போது மணிக்கட்டு நன்றாக மேலே தூக்குகிறது. ஆனால் விரல்கள் முன்னைவிட இறுக மடங்குகின்றன. கேட்டதற்கு, நரம்பு வேலை செய்ய ஆரம்பிக்கிறது என்றார். ஏற்கெனவே மூடிக் கிடக்கும் கையை நாமே இன்னும் மூடப் பழக்குகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. தோள் எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. என் ஒரு விரல் அதில் உட்காருகிறது. இடது தோளில் அப்படி இல்லை.

மாமா இணையத்தில் 1,900 ரூபாய்க்கு ஒரு மெஷின் பார்த்துவைத்திருக்கிறார், வாங்கினால் தினமும் வைக்கலாமே என்கிறார். பெரியம்மா புறா ரத்தம் தடவச் சொல்கிறார். இந்தக் கரண்டால் உண்மையிலேயே பலன் உண்டா? மெஷின் வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தென்காசி இயன்முறை:

சகோதரி, நான் பதினெட்டு வருடமாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் பக்கவாதம் வந்தவர்கள்தான். "மணிக்கட்டு தூக்குகிறது, விரல் மடங்குகிறது" என்று நீங்கள் கவனித்து எழுதியது எவ்வளவு முக்கியமானது என்பது உங்களுக்கே தெரியாது. பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கையிலேயே பாருங்கள். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி விளிம்பில் தொங்கவிடுங்கள். விரல்கள் தானாக விரியும். இப்போது விரல்களை எதுவும் செய்யாமல் மணிக்கட்டை மட்டும் மேலே தூக்குங்கள். விரல்கள் தானாக உள்ளே மடங்கும். விரலை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டின் உட்பக்கமாக ஓடித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் அவற்றுக்கு நீளம் போதாமல் விரலை இழுக்கின்றன. அம்மாவுக்கு நடப்பதும் இதுதான். கரண்ட் மணிக்கட்டைத் தூக்கும் தசைக்குப் போகிறது, விரலை விரிக்கும் தசைக்குப் போகவில்லை. உங்கள் தம்பி பேட்டைத் தவறான பக்கத்தில் ஒட்டிவிடவில்லை. முன்கையின் மேல்பக்கம் சரியான பக்கம்தான். இடம் இரண்டு விரற்கடை தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள். கை மேசைமேல், உள்ளங்கை கீழ்நோக்கி. மேல் பேட்டை முழங்கையை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கி, முன்கையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவரட்டும். இரண்டாவது பேட், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, அதே கோட்டில். குறைந்த அளவில் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். கை கட்டைவிரல் பக்கம் சாய்ந்து தூக்கினால், பேட்டைச் சுண்டுவிரல் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்துவிட்டுத்தான் பேட்டை எடுக்க வேண்டும். நாலைந்து இடம் மாற்றிப் பார்த்தால் நடுவிரலும் மோதிரவிரலும் விரியும் இடம் கிடைத்துவிடும். கிடைத்ததும் மார்க்கர் பேனாவால் சுற்றி வரைந்துவிடுங்கள், அடுத்த தடவை தேட வேண்டாம்.

இனி நான் மனதாரச் சொல்ல வேண்டியது. அந்த இருபது நிமிடம் டிவியை அணைத்துவிடுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது பழைய பெட்டி மெஷின். லின்ட் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் தகட்டை வைத்து, ரப்பர் பட்டையால் கட்டுவோம். சுவிட்சைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். கை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். அவர்களில் பலருக்கு இன்னும் நல்ல பலன் கிடைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்ட்ரோக்கில் கெட்டுப்போவது மூளையின் ஒரு பகுதி. தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. சப் ஸ்டேஷனில் கோளாறு, வீட்டு வயரிங் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தோல்மேல் இருந்து சின்னக் கரண்ட் கொடுத்தாலே அந்த நரம்பு தூண்டப்பட்டு விரல் விரிகிறது. ஆனால் நமக்கு வேண்டியது விரல் விரிவது மட்டுமா? "விரி" என்று மூளை சொல்லி விரிய வேண்டும். அம்மா தன் முழுக்கவனத்தோடு விரிக்க முயலும் அதே நொடியில் கரண்டும் வந்து கை விரிந்தால், தான் அனுப்பிய கட்டளைக்குக் கை பதில் சொல்வதை மூளை பார்க்கிறது, தோலிலும் மூட்டிலும் உணர்கிறது. முயற்சியும் அசைவும் ஒன்றாக நடக்கும்போதுதான் மூளையில் புதுப்பாதை பிடிக்கிறது. சீரியல் பார்க்கும்போது கை ஆடினால் தசைக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கும், மூளைக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இந்தத் துறையில் வந்திருக்கும் புதிய முறைகள் எல்லாமே இந்த இணைப்பைத்தான் தேடிப் போகின்றன. தசை முயற்சி செய்யும்போது எழும் மெல்லிய மின்சைகையை மெஷினே பிடித்து, அதன் பிறகு மட்டும் கரண்ட் விடும் வகை இருக்கிறது. நல்ல கையில் உணர்கருவி வைத்த கையுறை மாட்டி, அதைத் திறக்கும் அளவுக்கு விழுந்த கையும் கரண்டால் திறக்கும் வகை இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பு 2021-ல் அனுமதித்த ஒரு முறையில், கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் கருவியை அறுவைசிகிச்சை செய்து பொருத்துகிறார்கள். நோயாளி கையை அசைக்கும் அந்தத் தருணத்தில் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்தி நரம்பைத் தூண்டுகிறார். அத்தனை செலவு பிடிக்கும் ஏற்பாட்டிலும் உயிர்நாடி, முயற்சியும் தூண்டலும் ஒரே நேரத்தில் சேர்வதுதான். அதை உங்கள் வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம்.

எப்படி என்றால், மெஷினில் பத்து நொடி கரண்ட், இருபது நொடி ஓய்வு என்று தம்பியை வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் திடீரென்று பாயாமல் இரண்டு நொடியில் மெல்ல ஏற வேண்டும். ஓய்வு முடியப் போகிறபோது "அம்மா, கையைப் பாருங்க, விரிங்க" என்று சொல்லுங்கள். அவர் முயல வேண்டும். கரண்ட் வரும், கை விரியும். விரிந்திருக்கும்போதே ஒரு நூல்கண்டையோ பூப்பந்தையோ உள்ளங்கையில் வையுங்கள். கரண்ட் நின்றதும் பிடிக்கட்டும். அடுத்த முறை கை விரியும்போது அதைக் கூடையில் விடட்டும். கணக்குப் போட்டால் இருபது நிமிடத்துக்கு நாற்பது தடவை வரும். முதல் வாரம் பத்துத் தடவையிலேயே அம்மா களைத்துவிடுவார், அது போதும்.

களைப்பைப் பற்றி இன்னொரு விஷயம். நாமாக அசைக்கும்போது மூளை முதலில் களைக்காத சின்னத் தசை இழைகளை எழுப்பும், பிறகுதான் பெரியவை. கரண்டில் பெரியவையும் ஆரம்பத்திலேயே இழுக்கப்பட்டுவிடுகின்றன, அவை சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் பத்து நிமிடத்தில் அசைவு சுருங்கினால் கரண்டை ஏற்றாதீர்கள். ஓய்வை முப்பது நொடியாக்குங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.

தோளுக்கு வருகிறேன், எனக்குக் கையைவிட இதுதான் அவசரம். அந்தப் பள்ளம், மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்து கை எலும்பு கீழே இறங்கியதன் அடையாளம். அம்மாவை எழுப்பும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். யார் வந்தாலும் தூக்க விடாதீர்கள். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்கு அடியில் தலையணை. கையைத் தலைக்குமேல் இழுக்கும் கப்பிப் பயிற்சி வேண்டவே வேண்டாம். தோள்பட்டை எலும்பின் விளிம்புக்கு மேலே ஒரு பேட், தோளின் பின்பக்கம் ஒரு பேட் வைத்துக் கரண்ட் கொடுத்தால் எலும்பு மேலே ஏறி உட்காருவதை விரல் வைத்தே உணரலாம். தோள் காதை நோக்கிக் குலுங்கினால் பேட் கழுத்துப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்ட்ரோக் வந்த ஆரம்ப வாரங்களில் இதைச் செய்தால் இறக்கம் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தோள் வலிக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லமாட்டேன், அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. அம்மாவுக்கு ஒன்பது வாரம்தான் ஆகிறது, இன்றைக்கே தம்பியிடம் பேசுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், வலிப்பு வந்ததென்று எழுதியிருக்கிறீர்கள். நரம்பு டாக்டரிடம் "கரண்ட் சிகிச்சை தொடரலாமா" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். அந்த நாட்களில் கரண்ட் இல்லாமலேயே கையை விரிக்கும் பயிற்சியைச் செய்யலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.


பழைய கண்டக்டர்:

தங்கச்சி, எனக்கு 2019-ல் இடது பக்கம் விழுந்தது. மேலே அந்தம்மா சொன்னதெல்லாம் நான் அனுபவித்தது. என் பங்குக்குக் கொஞ்சம்.

கரண்ட் என்றதும் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டவன் நான். பிளக்கில் ஷாக் அடித்த ஞாபகம்தானே நமக்கெல்லாம் இருக்கிறது! எனக்குப் பார்த்த பெண் முதலில் பேட்டைத் தன் கையில் ஒட்டிக் காட்டினார், பிறகு என் நல்ல கையில் வைத்தார். எறும்பு மொய்ப்பதுபோல் ஆரம்பிக்கும். கொஞ்சம் ஏற்றினால் உள்ளே இருந்து யாரோ கயிறு பிடித்து இழுப்பதுபோல் விரல் தானாக எழும்பும். வலி இல்லை. நல்ல கையில் அதை அறிந்தபிறகுதான் விழுந்த கையைக் கொடுத்தேன். உங்கள் அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாது அல்லவா, அதனால் இதை அவசியம் செய்யுங்கள். நீங்களும் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் இருந்தவன். பத்து ரூபாய், இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடதுகை விரல் சந்துகளில் செருகிக்கொள்வதுதான் எங்கள் பழக்கம், பார்த்திருப்பீர்கள். எனக்குக் கொடுத்த பயிற்சியே அதுதான். கரண்டில் விரல் விரியும்போது என் மனைவி சந்துக்குள் மடித்த நோட்டைச் செருகுவாள், நான் பிடித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்தபோது வராத ஆர்வம் அந்த நோட்டைப் பார்த்ததும் வந்தது. ஐந்து மாதத்தில் இரண்டு சந்தில் நிற்க ஆரம்பித்தது. இன்றைக்கும் சட்டைப் பட்டன் இடதுகையால் போட வராது, ஆனால் தட்டைப் பிடித்துக்கொள்கிறேன், சாவியைப் பிடிக்கிறேன். உங்கள் அம்மாவுக்குப் பந்து வேண்டாம், நாரைக் கொடுங்கள்.

கால் விஷயமும் சொல்கிறேன், அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்பதால். எனக்குப் பாதம் தொங்கிவிட்டது. செருப்பு கழன்று பின்னால் நின்றுவிடும், வாசற்படியில் பெருவிரல் இடித்து இரண்டு முறை விழுந்தேன். சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு இடத்தில் முழங்காலுக்குக் கீழே பட்டை கட்டி, குதிகாலுக்கு அடியில் சுவிட்ச் வைத்து நடக்கவிட்டார்கள். குதிகால் தரையைவிட்டு எழும்பியதும் கரண்ட் வந்து பாதத்தைத் தூக்கிவிடும். மாடிப்படி ஏறும்போது அழுதுவிட்டேன். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட்தான் போட்டிருக்கிறேன். விழுவது நின்றுவிட்டது.


தென்காசி இயன்முறை:

ஐயா, உங்கள் நோட்டுப் பயிற்சியை நானும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் பீடி சுற்றுகிற அக்காக்கள் பலருக்கு இது வந்திருக்கிறது, இலையைத்தான் கையில் கொடுக்கிறேன்.

நீங்கள் கட்டி நடந்தது பழைய யோசனை. 1961-லேயே அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் குதிகால் சுவிட்சோடு அதை எழுதிவிட்டார்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பு முண்டுக்குக் கீழே ஓடும் நரம்பைத் தூண்டினால் பாதம் மேலே எழும். பிரிட்டனில் எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2009-ல் பாதத் தொய்வுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று சொன்னது. ஆனால் ஸ்ப்ளின்ட்டையும் இந்தக் கருவியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நடைவேகம் ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடியது. கருவி போட்டால் நடை இலகுவாக இருக்கிறது என்று பலர் விரும்புகிறார்கள், அது உண்மை. வாங்க முடியவில்லையே என்று நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. நல்ல ஸ்ப்ளின்ட் உங்களைப் பின்தங்க வைத்துவிடவில்லை.


பூக்காரி மகள்:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. விரலை மடக்கி விரித்து என் கையிலேயே பார்த்தேன், அப்படியே நடக்கிறது. தம்பியிடம் காட்டினேன். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன், அவரே உட்கார்ந்து தன் கையில் செய்து பார்த்தார். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அதுவரை கரண்ட் இல்லை.

மெஷின் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை அக்கா. அப்புறம், அம்மாவுக்கு வலது கையில் தொடு உணர்வு குறைவாக இருக்கிறது. பின்னால் இருந்து தொட்டால் சில சமயம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் ஏதாவது ஆபத்து உண்டா?


தென்காசி இயன்முறை:

உண்டு, கேட்டது நல்லது. உணர்வு குறைந்த தோல், சொல்ல வராத வாய், இரண்டும் சேர்ந்தால் புண் வரும்வரை யாருக்கும் தெரியாது. அம்மா கண்ணை மூடியிருக்கும்போது பஞ்சால் இரண்டு கையிலும் மாறி மாறித் தொட்டு, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவை வைக்கும்போது அவர் முகத்தை நம்பாமல் விரலின் அசைவை மட்டும் பாருங்கள். விரல் விரிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முடிந்ததும் பேட் இருந்த இடம் லேசாகச் சிவந்திருப்பது வழக்கம், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் புள்ளி புள்ளியாக நின்றாலோ கொப்புளம் வந்தாலோ அந்த இடத்தில் மறுபடி வைக்காதீர்கள்.

பேட் சிறியதாக இருந்தால் ஒரே இடத்தில் கரண்ட் குவிந்து சுரீர் என்று குத்தும். பசை காய்ந்து ஓரம் தூக்கிய பேட்டும் அப்படியே. நம் வீடுகளில் இன்னொரு தொல்லை, தைலம். தைலம் தேய்த்த கையில் பேட் ஒட்டாது, ஒட்டினாலும் கரண்ட் சீராகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள். புறா ரத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சகோதரி. அதில் ஒரு பலனும் இல்லை, உணர்வில்லாத தோலில் தொற்று வந்தால் அவதி. பெரியம்மாவிடம் சண்டை போடாமல், தினமும் அரைமணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்து நார் பிடிக்கும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில்தான் அவர் ரத்தத்தைச் சொல்கிறார்.

மாமா பார்த்த மெஷின். அந்த விலையில் வருபவை பெரும்பாலும் வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவிகள், அல்லது மசாஜ் என்று விற்பவை. டென்ஸில் கரண்ட் ஓய்வில்லாமல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நமக்குக் கரண்ட் நேரம், ஓய்வு நேரம், மெல்ல ஏறும் நேரம் மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடிய வேண்டும். நொடிக்கு 30 முதல் 50 துடிப்பு, துடிப்பின் அகலம் 300 மைக்ரோ நொடி அளவுக்கு வைக்க முடிய வேண்டும். இவை பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். எழுதியிருந்தாலும் ஒரு மாதம் பொறுங்கள். தம்பியின் மெஷினில் அம்மாவுக்கு விரல் விரியும் இடமும் அளவும் உறுதியாகி, நீங்கள் கைப்பட வைத்துப் பழகியபிறகு வாங்கினால் காசு வீணாகாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்கள்மேல் இதை யாரும் விளையாட்டுக்குக்கூட வைத்துப் பார்க்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருக்குமே வைக்கக் கூடாது.

400 ரூபாய் தொடர்ந்து கொடுப்பது கஷ்டமானால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். வீட்டுக்கே வருவார்கள்.


பூக்காரி மகள் (ஐந்து வாரம் கழித்து):

சொல்லிவிட்டுப் போகாவிட்டால் மனசு கேட்காது. டாக்டர் மாத்திரையைத் தவறவிடாமல் இருந்தால் வைக்கலாம், உட்கார வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து செய்யுங்கள் என்றார். தம்பி இடம் தேடினார். மூன்றாவது இடத்தில் நடுவிரல் எழும்பியது, அதற்குப் பக்கத்திலேயே மோதிரவிரலும். அம்மா தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவரே டிவியைக் காட்டி "வேணாம்" என்றார்.

இப்போது தினம் இரண்டு தடவை, பன்னிரண்டு நிமிடம். வாரம் மூன்று நாள் தம்பி, மற்ற நாள் அவர் விட்டுவிட்டுப் போகும் மெஷினில் நான். தோளுக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம். பள்ளம் போய்விடவில்லை, ஆனால் விரல் முன்போல் உள்ளே இறங்குவதில்லை. உள்ளங்கையைக் கழுவ விரல்களைப் பிரிக்கும்போது முன்பிருந்த முறுக்கு குறைந்திருக்கிறது.

கண்டக்டர் அண்ணன் சொன்னபடி நார்தான். கை விரியும்போது நனைத்த வாழைநாரின் நுனியை உள்ளே வைக்கிறேன், கரண்ட் நின்றதும் பிடித்துக்கொள்கிறார். பிடித்துக்கொண்டே இருந்தால் மறுநுனியில் நான் பூ வைத்து முடிச்சுப் போடுகிறேன். நேற்று இப்படி அரை முழம் கட்டினோம். கடைசி நாலு கண்ணி எனக்குத் தளர்ந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு "வேணாம், வேணாம்" என்று இடது கையால் அந்த நாலையும் அவிழ்த்துவிட்டார். வலது கை நாரை விடவே இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். நாலு விரலும் விரிகின்றன, கட்டைவிரல் மட்டும் உள்ளங்கைக்குள்ளேயே படுத்திருக்கிறது. கரண்டை ஏற்றினாலும் வெளியே வரவில்லை.


தென்காசி இயன்முறை:

ஏற்றாதீர்கள். கட்டைவிரலை வெளியே இழுக்கும் தசைகள் இன்னும் கீழே, முன்கையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், கட்டைவிரல் பக்கமாக இருக்கின்றன. மேல் பேட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கீழ் பேட்டை மட்டும் அந்தப் பக்கம் இறக்கிச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அங்கே இடம் குறுகல், சற்றுச் சின்ன பேட் தேவைப்படும், அதனால் கரண்டைக் குறைத்து ஆரம்பிக்க வேண்டும். நாலு விரலும் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் வராவிட்டால் காலையில் விரல்கள், மாலையில் கட்டைவிரல் என்று பிரித்துக்கொள்ளலாம். ராத்திரி படுக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லிய துணிச் சுருள் ஒன்று வையுங்கள், இறுக்கமாக வேண்டாம்.